ஐம்பது என்று எழுதினோம், எட்டுதான் கிடைத்தது: ஒரு டாம்கேட் மாற்றத்தின் கதை

ஒரு பார்சல் சர்வீஸ் நிறுவனத்தின் புக்கிங் மென்பொருளை எங்கள் குழு பல வருடமாகப் பராமரித்து வருகிறது. பெயர் வேண்டாம். ஜாவாவில் எழுதிய பழைய வெப் அப்ளிகேஷன். அதை ஓட்டும் சர்வர் மென்பொருளாக ஒரு டாம்கேட், டேட்டாபேஸாக ஒரு மைஸீக்வல், நூற்றைம்பது சொச்சம் கவுன்டர்கள். பகலெல்லாம் சும்மா கிடக்கும். மாலை ஆறு மணிக்கு மேல் லாரி கிளம்புவதற்குள் சரக்கைப் போட்டுவிட வேண்டும் என்று எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள். ஆறிலிருந்து ஒன்பது வரைதான் இந்த மென்பொருளின் பிழைப்பு.

டாம்கேட் 7-க்கான ஆதரவு 2021 மார்ச் 31-உடன் முடிந்தது. இனி பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது என்பதால் மாற்றியே ஆக வேண்டும். நேராக 10-க்குப் போக முடியாது. அதில் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கும் சர்வ்லெட் பேக்கேஜ்களின் பெயரெல்லாம் ஜகார்த்தா என்று மாறிவிட்டது, புரோகிராம் கோடு முழுவதையும் தொட வேண்டிவரும். ஆகவே 9. டேட்டாபேஸ் இணைப்பு அமைப்புகள் உள்ள பழைய கான்டெக்ஸ்ட் ஃபைலை அப்படியே எடுத்துப் புது ஃபோல்டரில் வைத்தோம், மைஸீக்வல் டிரைவர் ஜாரை டாம்கேட்டின் லிப்பில் போட்டோம், ஸ்டார்ட் செய்தோம். லாகின் ஆனது. நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் புக்கிங் போட்டுப் பார்த்தோம். எல்லாம் சரி. ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு நேரடிப் பயன்பாட்டுக்கு விட்டுவிட்டுத் தூங்கப் போனோம்.

மூன்று பேர் என்பதை நினைவில் வையுங்கள்.

திங்கள் மாலை

ஆறரை மணிக்கு முதல் போன். "அண்ணே, சுத்திக்கிட்டே இருக்கு. எரரும் வரல, பில்லும் வரல." பத்து நிமிடத்தில் எல்லா ஊரிலிருந்தும் இதே பேச்சு. டாம்கேட்டை ரீஸ்டார்ட் செய்தேன். சரியானது. இருபது நிமிடம் கழித்து மறுபடி சுற்ற ஆரம்பித்தது. இன்னொரு ரீஸ்டார்ட், இன்னொரு இருபது நிமிடம்.

முதலில் எல்லோரும் கைகாட்டியது டேட்டாபேஸைத்தான். எப்போதுமே அப்படித்தான், அதற்கு வாய் கிடையாது. ஆனால் டேட்டாபேஸ் சர்வரில் சிபியு மூன்று சதவீதத்தில் படுத்திருந்தது. யார் யார் இணைந்திருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று காட்டும் ஷோ பிராசஸ்லிஸ்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தேன். எங்கள் அப்ளிகேஷனின் பெயரில் சரியாக எட்டு வரிகள். எட்டிலும் கமாண்ட் என்ற இடத்தில் ஸ்லீப். டைம் என்ற இடத்தில் நானூற்றுச் சொச்சம், ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் ஏறிக்கொண்டே போனது.

இந்த ஒரு திரையிலேயே பாதி விடை இருக்கிறது. டேட்டாபேஸ் மெதுவாக இருந்தால் அங்கே குவெரி என்று இருக்கும், பக்கத்தில் ஏதோ ஒரு எஸ்க்யூஎல் தெரியும். எட்டும் ஸ்லீப் என்றால், கனெக்‌ஷனை எடுத்து வைத்திருக்கிறவர் ஏழு நிமிடமாக ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்று பொருள். கோளாறு இந்தப் பக்கம்.

ஜேஸ்டாக் என்ற கருவியைக் கொண்டு த்ரெட் டம்ப் எடுத்தோம், அதாவது ஒவ்வொரு த்ரெட்டும் (கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி) புரோகிராமின் எந்த இடத்தில் நிற்கிறது என்ற பட்டியல். டாம்கேட்டில் கோரிக்கைகளைக் கவனிக்கும் த்ரெட்களின் இயல்பான உச்சவரம்பு 200. அந்த 200-உம் ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்தன: டேட்டாபேஸ் இணைப்புகளைத் திறந்து வைத்துக் கடன் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் பூலிடம் கனெக்‌ஷன் கேட்கும் பாரோஆப்ஜெக்ட் என்ற மெத்தட், அதற்குள்ளே டேக்ஃபர்ஸ்ட் என்ற மெத்தட். பிரவுசரில் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்தான்.

அன்றைக்கு நான் கவனிக்காமல் விட்டது அந்த டேக்ஃபர்ஸ்ட் என்ற பெயர். பிறகு பூலின் மூலநிரலைப் படித்தபோதுதான் உறைத்தது. காத்திருக்க ஒரு கால வரம்பு இருந்தால் அது போல்ஃபர்ஸ்ட் என்ற மெத்தடைக் கூப்பிடும். வரம்பே இல்லையென்றால் மட்டும்தான் டேக்ஃபர்ஸ்ட். அதாவது த்ரெட் டம்ப்பின் அந்த ஒரு வரி, "இவர்கள் என்றென்றைக்கும் நிற்பார்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஃபைலிலோ காத்திருப்பு பத்து விநாடி என்று எழுதியிருந்தது. பூல் அளவு 50 என்றும் எழுதியிருந்தது.

எட்டு எங்கிருந்து வந்தது

டாம்கேட்டின் கேட்டலினா லாக் ஃபைலின் ஆரம்பத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கே மூன்று எச்சரிக்கை வரிகள். தமிழில் சொன்னால் முதல் வரி இப்படி: மேக்ஸ்ஆக்டிவ் (பூலின் அளவு) என்ற அமைப்பு டிபிசிபி2-இல் (டாம்கேட்டோடு வரும் பூல்) பயன்படுவதில்லை, அதற்குப் பதில் மேக்ஸ்டோட்டலைப் பயன்படுத்துங்கள், மேக்ஸ்டோட்டலின் இயல்பு மதிப்பு 8, நீங்கள் 50 என்று கொடுத்திருக்கிறீர்கள், அது கணக்கில் எடுக்கப்படவில்லை.

இதைவிடத் தெளிவாக ஒரு மென்பொருள் பேச முடியாது. ஆனால் ஞாயிறு இரவு நாங்கள் பார்த்தது லாக் ஃபைலின் கடைசி வரியை, சர்வர் இத்தனை மில்லி விநாடியில் ஸ்டார்ட் ஆனது என்ற வரியை மட்டும். அதற்கு மேலே இருக்கும் நூறு வரிகளை யார் படிக்கிறார்கள்? எச்சரிக்கை என்றால் ஏதாவது ஜாரில் டேக் லைப்ரரி இல்லை என்கிற புலம்பலாக இருக்கும் என்று கடந்து போகப் பழகிவிட்டோம்.

நடந்தது இதுதான். டாம்கேட் தன்னோடு காமன்ஸ் டிபிசிபி என்ற பூலைச் சேர்த்தே தருகிறது. டாம்கேட் 7 வரைக்கும் அதன் முதல் பதிப்பு, 8-லிருந்து இரண்டாம் பதிப்பு. இரண்டுக்கும் நடுவே சில அமைப்புகளின் பெயர் மாறியது. மேக்ஸ்ஆக்டிவ் மேக்ஸ்டோட்டல் ஆனது, காத்திருப்பு நேரத்துக்கான மேக்ஸ்வெயிட் மேக்ஸ்வெயிட்மில்லிஸ் ஆனது, ரிமூவ்அபண்டன்டு இரண்டாகப் பிரிந்தது. பழைய பெயரில் எழுதினால் பிழை என்று நின்றுவிடாது. ஓர் எச்சரிக்கையை எழுதிவிட்டு, இயல்பு மதிப்போடு ஓட ஆரம்பிக்கும். அளவின் இயல்பு மதிப்பு 8. காத்திருப்பின் இயல்பு மதிப்பு, முடிவே இல்லை.

என் கோபம் எட்டின் மேல் இல்லை. எட்டு என்பது நியாயமான எண், முதல் பதிப்பிலும் அதேதான். முடிவில்லாத காத்திருப்புதான் மோசம். பூல் தீர்ந்ததும் பத்து விநாடியில் பிழை வந்திருந்தால், "கனெக்‌ஷன் கிடைக்கவில்லை, நேரம் முடிந்தது" என்று லாகில் நூறு முறை அடித்திருக்கும். ஐந்து நிமிடத்தில் இடத்தைப் பிடித்திருப்போம். வரம்பு இல்லாததால் லாகில் ஒரு வரியும் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் சொல்லிவிட வேண்டும், பலரும் இதில் மாட்டுகிறார்கள். டாம்கேட்டிலேயே இன்னொரு பூலும் இருக்கிறது, டாம்கேட் ஜேடிபிசி பூல் என்று பெயர். கான்டெக்ஸ்ட் ஃபைலின் ரிசோர்ஸ் வரியில் ஃபேக்டரி என்று அதன் கிளாஸ் பெயரைக் கொடுத்தால் அது வரும். அதில் இன்றைக்கும் மேக்ஸ்ஆக்டிவ், மேக்ஸ்வெயிட் என்ற பழைய பெயர்கள்தான் செல்லும், இயல்பு அளவு 100, காத்திருப்பு 30 விநாடி. ஆக, எந்தப் பெயர் சரி என்பது டாம்கேட்டின் பதிப்பை மட்டும் பொறுத்ததில்லை, அந்த ஃபேக்டரி வரி இருக்கிறதா இல்லையா என்பதையும் பொறுத்தது. பக்கத்து சீட்டுக்காரர் தன் புராஜெக்டிலிருந்து வெட்டி ஒட்டச் சொல்லிக் கொடுக்கும் அமைப்பு, நம்முடையதில் வேலை செய்யாமல் போவது இதனால்தான்.

எட்டு பேர், எட்டு நாற்காலி

சரி, பெயரை மாற்றினால் முடிந்தது என்று அன்றிரவே 50-ஐத் திரும்பக் கொடுத்தோம். சுற்றுவது நின்றது. வாடிக்கையாளரும் நன்றி சொல்லிவிட்டார். எனக்குத்தான் ஒன்று உறுத்தியது. எட்டு கனெக்‌ஷன் குறைவு என்றால் வேலை மெதுவாக நடந்திருக்க வேண்டும். வரிசை நீளும், ஆனால் நகரும். இங்கே நகரவே இல்லை. எட்டும் ஏழு நிமிடமாகத் தூங்கின. யார் கையில் இருந்தன?

மறுபடி த்ரெட் டம்ப்பை எடுத்து வைத்து, அந்த 200 த்ரெட்களின் அடுக்குகளையும் கீழே வரை படித்தோம். 192 த்ரெட்கள் முதல் கனெக்‌ஷன் கேட்டு நின்றன. எட்டு மட்டும் வேறு இடத்திலிருந்து வந்திருந்தன: எல்.ஆர். நம்பர் கொடுக்கும் கிளாஸுக்குள்ளிருந்து.

லாரி ரசீதுக்கு வரிசை எண் வேண்டும், இரண்டு கவுன்டருக்கு ஒரே எண் போகக் கூடாது. அதற்காக ஒரு டேபிளில் கடைசி எண்ணை வைத்து, அந்த வரியைப் பூட்டி, ஒன்றைக் கூட்டி, உடனே கமிட் செய்துவிடும் (மாற்றத்தை உறுதிசெய்து பூட்டை விடும்) ஒரு மெத்தட். புக்கிங் முடியும் வரை அந்த வரியைப் பூட்டி வைத்தால் மற்ற கவுன்டர்கள் நிற்குமே என்று, எழுதியவர் புத்திசாலித்தனமாகத் தனி கனெக்‌ஷன் எடுத்துச் செய்திருக்கிறார். எண்ணம் சரி. ஆனால் அதைக் கூப்பிடும் இடத்தில் புக்கிங் ஏற்கெனவே ஒரு கனெக்‌ஷனைக் கையில் வைத்து டிரான்சாக்‌ஷனை ஆரம்பித்திருந்தது. ஒரு புக்கிங்குக்கு ஒரே நேரத்தில் இரண்டு கனெக்‌ஷன்.

கல்யாணப் பந்தியில் எட்டு நாற்காலி. எட்டு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒவ்வொருவரும் பக்கத்தில் துண்டு போட்டு, கூட வந்தவருக்கு இன்னொரு நாற்காலி கிடைத்தால்தான் சாப்பிடுவேன் என்கிறார். எழுந்திருக்கவும் மாட்டார். அந்தப் பந்தி எப்போது முடியும்?

மைஸீக்வலுக்குத் தன் பூட்டுகளுக்குள் நடக்கும் டெட்லாக் (ஒருவருக்காக ஒருவர் நின்று யாருமே நகராத நிலை) தெரியும், ஒன்றை ரோல்பேக் செய்து விடுவித்துவிடும். இது அதன் கண்ணுக்குத் தெரியாது, எட்டு கனெக்‌ஷன் சும்மா இருப்பதாகத்தான் படும். ஜேஸ்டாக்கும் வழக்கமாக அடியில் "டெட்லாக் கண்டேன்" என்று எழுதும். இதில் எழுதாது, ஏனென்றால் இவை ஜாவாவின் பூட்டுக்காக நிற்கவில்லை, பூலின் வரிசையில் நிற்கின்றன. சும்மா இருக்கும் இணைப்பை மைஸீக்வல் எவ்வளவு நேரம் விட்டுவைக்கும் என்ற வெயிட் டைம்அவுட் இயல்பாக 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். அது கழித்து மைஸீக்வல் அறுத்துவிட்டாலும் பயனில்லை, பூலின் கணக்கில் அந்தக் கனெக்‌ஷன் இன்னும் கொடுக்கப்பட்டதாகத்தான் இருக்கும்.

50 இருந்த காலத்தில் ஒரே நேரத்தில் ஐம்பது புக்கிங் முதல் கனெக்‌ஷனோடு நின்றதில்லை. அதனால் இந்தக் கோளாறு வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. சரிசெய்தது ஒரு வரி மாற்றம்தான்: எல்.ஆர். நம்பரை முதலில் வாங்கி, அந்தக் கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பிறகு புக்கிங்கின் டிரான்சாக்‌ஷனை ஆரம்பிப்பது. புக்கிங் பாதியில் தோற்றால் ஒரு எண் வீணாகும். கணக்குப் பிரிவு முகம் சுளித்தது. ஆனால் தனி கமிட் என்பதால் முன்பும் அப்படித்தான் வீணாகிக்கொண்டிருந்தது என்று பழைய இடைவெளிகளைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள்.

எஸ்எம்எஸ் எங்கே வந்தது

எட்டு புக்கிங் ஒரே கணத்தில் அந்தப் புள்ளியில் சேர்வதற்கு மாலை நெரிசல் மட்டும் போதாது. எங்கள் உச்ச நேரக் கணக்கு விநாடிக்கு மூன்று புக்கிங், நாற்பது டிராக்கிங் தேடல். தேடலுக்கு 20 மில்லி விநாடி. நாற்பதை 0.02-ஆல் பெருக்கினால் 0.8 கனெக்‌ஷன். புக்கிங்கின் எஸ்க்யூஎல் வேலை மொத்தமும் 150 மில்லி விநாடி. மூன்றை 0.15-ஆல் பெருக்கினால் 0.45. இரண்டும் சேர்ந்து ஒன்றேகால். வருகை வேகத்தைக் கையில் வைத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் சராசரியாக எத்தனை உள்ளே இருக்கும் என்று வரும். ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது, டீக்கடைக்கும் பொருந்தும், பூலுக்கும் பொருந்தும். இந்தக் கணக்கின்படி எட்டே தாராளம்.

கணக்கு உதைத்ததால் புரோகிராம் கோடை மீண்டும் படித்தோம். கமிட்டுக்கு முன்னால், கனெக்‌ஷன் கையில் இருக்கும்போதே, சரக்கு அனுப்புபவருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வெளி கேட்வேயைக் கூப்பிட்டுப் பதிலுக்காக நின்றது புக்கிங். நல்ல நாளில் ஒரு விநாடி. அந்த மாலை கேட்வே சோர்ந்திருந்தது, லாகில் நான்கு விநாடிகளும் அதற்கு மேலும். மூன்றை நான்கால் பெருக்கினால் பன்னிரண்டு. பூலில் எட்டு. அப்புறம் வரிசை சேர்ந்தது. வரிசையில் முதல் கனெக்‌ஷனுக்கு நிற்பவரும் இரண்டாவதுக்கு நிற்பவரும் ஒன்றாகத்தான் நிற்கிறார்கள். திரும்பி வரும் ஒவ்வொரு கனெக்‌ஷனும் புதிதாக ஒருவரை உட்கார வைத்தது. எட்டும் துண்டு போட்டவர்கள் கைக்குப் போனதும் எல்லாம் நின்றது.

எஸ்எம்எஸ்ஸைக் கமிட்டுக்குப் பிறகு, கனெக்‌ஷனைத் திருப்பிக் கொடுத்த பிறகு, தனி வரிசையில் போட்டு அனுப்பும்படி மாற்றினோம். என்னைக் கேட்டால் இந்த முழு விவகாரத்தில் அதிகப் பலன் தந்தது இதுதான். பூலின் அளவைக் கூட்டுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கையில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைப்பதைப் பற்றிப் பேச ஆளில்லை.

பெருக்குபவர் போன பிறகு

மூன்றாவது எச்சரிக்கை வரி மிச்சம் இருந்தது, ரிமூவ்அபண்டன்டு. எடுத்துப் போன கனெக்‌ஷனைத் திருப்பித் தராமல் விட்டால், குறிப்பிட்ட நேரம் கழித்துப் பூலே பிடுங்கிக்கொள்ளும் வசதி இது. பழைய ஃபைலில் யாரோ இதை 60 விநாடி என்று போட்டிருந்தார்கள். ஏன் போட்டார்கள் என்பது ஒரு வாரத்தில் தெரிந்தது.

ஓடும் ஜாவா மென்பொருளின் உள்ளே பார்க்க உதவும் ஜேஎம்எக்ஸ் வழியாக, பூலிலிருந்து எத்தனை வெளியே போயிருக்கின்றன என்று சொல்லும் நம்ஆக்டிவ் எண்ணைக் கண்காணிக்க ஆரம்பித்திருந்தோம். நள்ளிரவில் ஆள் அரவமே இல்லாத நேரத்தில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். செவ்வாய் நள்ளிரவு 2. மறுநாள் 5. அதற்கடுத்த நாள் 9. எங்கேயோ ஒழுகுகிறது. முன்பு பூல் தீரப்போகும் போதெல்லாம் ஒருவர் வந்து, அறுபது விநாடிக்கு மேல் திரும்பாமல் கிடந்தவற்றைப் பெருக்கிவிட்டுப் போனதால் தரை சுத்தமாகத் தெரிந்திருக்கிறது.

டிபிசிபி2-இல் இதற்கு ரிமூவ்அபண்டன்டு ஆன்பாரோ, ரிமூவ்அபண்டன்டு ஆன்மெயின்டனன்ஸ் என்று இரண்டு. முதலாவது, பூல் கிட்டத்தட்டத் தீர்ந்த பிறகே வேலை செய்யும்: சும்மா இருப்பவை இரண்டுக்கும் குறைவு, வெளியே போனவை உச்சவரம்பு கழித்தல் மூன்றுக்கும் மேல் என்றால்தான். இரண்டாவதற்குப் பின்னணிச் சோதனை ஓட வேண்டும். அதன் இடைவெளி இயல்பாக அணைத்தே இருக்கும், நாம்தான் ஓர் எண் கொடுத்து இயக்க வேண்டும். நாங்கள் இரண்டாவதை எடுத்து, கூடவே லாக்அபண்டன்டையும் போட்டோம். இந்த லாக்தான் தங்கம். பிடுங்கும்போது, அந்தக் கனெக்‌ஷனை வாங்கியது கோடின் எந்த வரி என்று முழு அடுக்கையும் எழுதிவிடும். இரண்டே நாளில் ஆள் சிக்கியது. டெலிவரி அறிக்கை, தேதி தவறாகக் கொடுத்தால் எக்ஸெப்ஷன், குளோஸ் என்ற வரி அதற்குக் கீழே. 2011-இல் ஜாவா 7-உடன் வந்த டிரை-வித்-ரிசோர்ஸஸ் (எக்ஸெப்ஷன் வந்தாலும் தானே குளோஸ் செய்யும் முறை) எழுதியிருந்தால் இந்தக் கோளாறே இருந்திருக்காது. அந்த மெத்தட் அதற்கும் மூத்தது.

மாற்றிய பிறகு நள்ளிரவு எண் பூஜ்யம். பெருக்குபவரை நிறுத்திவிடவில்லை. 300 விநாடி என்று தளர்த்தி, லாகோடு வைத்திருக்கிறோம். அவர் ஏதாவது அள்ளினால் எங்களுக்கு மெயில் வரும்.

எத்தனை வைப்பது

வாடிக்கையாளரின் ஐடி மேலாளர், "த்ரெட் 200 இருக்கே சார், பூலையும் 200 ஆக்கிடலாமே" என்றார். மைஸீக்வலின் மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ் இயல்பாக 151. அதற்கு மேல் ஒன்றே ஒன்று, நிர்வாக உரிமை உள்ளவருக்காக ஒதுக்கியது. 200 கேட்டால் ஒரு நெரிசல் மாலையில் டேட்டாபேஸே "டூ மெனி கனெக்‌ஷன்ஸ்" என்று கதவைச் சாத்தும், இரவு பேக்கப்பும் வெளியே நிற்கும். வரம்பை ஏற்றிவிட்டாலும், எட்டு கோர் உள்ள சர்வரில் இருநூறு குவெரி ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளுமே தவிர சீக்கிரம் முடியாது.

கடைசியில் மேக்ஸ்டோட்டல் 20. ஒன்றேகால் என்று கணக்கு சொன்னதற்கு இது பல மடங்கு. வேலை இல்லாதபோதும் மூடாமல் வைத்திருக்கும் உச்ச அளவான மேக்ஸ்ஐடிலும் 20, இது முக்கியம். அதை இயல்பான 8-லேயே விட்டால், நெரிசலில் திறந்த ஒன்பதாவது கனெக்‌ஷன் முதல் எல்லாவற்றையும் திரும்பி வந்ததும் மூடி, அடுத்த நொடியே புதிதாகத் திறந்துகொண்டிருக்கும். குறைந்தபட்சம் தயாராக நிற்க வேண்டிய மின்ஐடில் 5. மேக்ஸ்வெயிட்மில்லிஸ் 3000. கொடுக்கும் முன் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் டெஸ்ட்ஆன்பாரோவைத் தொடவில்லை, டிபிசிபி2-இல் அது இயல்பாகவே இயங்கும், வேலிடேஷன் குவெரி கொடுக்காவிட்டால் டிரைவரின் ஈஸ்வேலிட் மெத்தடைக் கேட்டுக்கொள்ளும். இரவெல்லாம் தூங்கிச் செத்த கனெக்‌ஷன் காலையில் முதல் ஆளின் தலையில் விடிவதை இது தடுக்கிறது.

டெஸ்ட்டும் மாறியது. இப்போது பதிப்பு மாற்றும்போது மேக்ஸ்டோட்டலை வேண்டுமென்றே 2 என்று வைத்து, இருபது போலி கவுன்டர்களை ஏவிவிடுகிறோம். இரட்டைக் கனெக்‌ஷன் கேட்கும் கோடு எங்கேயாவது இருந்தால் ஒரு நிமிடத்தில் முட்டி நிற்கும். அப்படி இன்னும் இரண்டு இடங்கள் கிடைத்தன.

ஜூனில் ஒருநாள் ஏழு மணிக்கு மறுபடி போன் வந்தது, அதே கவுன்டர் தம்பி. "அண்ணே, இந்தவாட்டி சுத்தல. மூணு செகண்டுல எரர்னு சொல்லிருச்சு, திரும்ப அழுத்துனா போயிருது." லாகைத் திறந்தால் "நேரம் முடிந்தது" பதினொரு முறை. பிராசஸ்லிஸ்டில் பதினெட்டு வரிகளில் குவெரி, பதினெட்டும் மாதாந்திர அறிக்கை. தலைமை அலுவலகத்தில் ஒருவர், திரை வரவில்லை என்று பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தியிருக்கிறார். மறுநாள் அறிக்கைகளுக்கு மட்டும் மேக்ஸ்டோட்டல் 4 என்று இன்னொரு ரிசோர்ஸ் வரி எழுதிப் பூலைப் பிரித்தோம். இப்போது அவர் எத்தனை முறை அழுத்தினாலும் அவருடைய நான்குக்குள்தான்.